கைமாறும் தொட்டில், கைமாறாத எச்சரிக்கை

புலம்பெயர்ந்த நாடொன்றில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் குழந்தை பிறக்கவிருக்கிறது என்ற செய்தி தெரியவந்ததும், பெற்றோர் கடைக்குப் போவதற்கு முன்பாகவே பொருட்கள் வீடு தேடி வரத் தொடங்கிவிடுகின்றன. சித்தி வீட்டு நிலவறையில் கழற்றி வைத்திருந்த தொட்டில், அண்ணனின் நண்பர் தந்த மகிழுந்துக் குழந்தை இருக்கை, மேல்மாடியில் வசிக்கும் அக்காவின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் மிஞ்சிய சாய்விருக்கை என ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. 1983இன் பின்னர் வெறுங்கையுடன் வந்திறங்கியவர்கள் அந்நிய மண்ணில் காலூன்றியதற்கு இந்தப் பகிர்ந்துண்ணும் பண்பும் ஒரு காரணம் என்பதை யாரும் மறுக்க முடியாது. பிறருக்குப் பயன்படும் ஒன்றைக் குப்பையில் எறிய மனம் வராத சமூகம் இது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை, பெருமைப்படவே இடமுண்டு.

எனினும், இவ்வாறு கைமாறும் பொருளோடு சேர்ந்து கைமாறாத ஒன்று உண்டு. அப்பொருள் ஆபத்தானது எனப் பின்னாளில் வெளியிடப்படும் எச்சரிக்கையே அது.

ஒரு பொருளால் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேரலாம் எனத் தெரியவரும்போது, உற்பத்தி நிறுவனம் அதன் விற்பனையை நிறுத்தி, ஏற்கனவே வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதையோ, இலவசமாகத் திருத்திக் கொடுப்பதையோ, மாற்றுப் பொருள் வழங்குவதையோ 'ரீகால்', அதாவது மீளப்பெறல், என்கிறார்கள். ஐக்கிய அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு இதற்கென உருவாக்கப்பட்டது. கனடாவில் 2011 ஜூன் 20ஆம் திகதி நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பொருட் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பொருளை மீளப்பெறுமாறு உத்தரவிடும் அதிகாரத்தை முதன்முறையாக அரசுக்கு வழங்கியது. ஒரு பொருளால் அசம்பாவிதம் நேர்ந்ததை அறிந்த நிறுவனம் இரண்டு நாட்களுக்குள் ஹெல்த் கனடாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

அறிவித்தல் வெளியானதும் ஆபத்து நீங்கிவிட்டது என்பதே பொதுவான எண்ணம். கடந்த சில ஆண்டுகளின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

பிஷர் பிரைஸ் நிறுவனத்தின் 'ரொக் அன்ட் பிளே' என்ற சாய்வுத் தொட்டில் 2009ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. குழந்தையை ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் கிடத்தி உறங்க வைக்கும் அமைப்பு அது. இரவு முழுவதும் அழும் குழந்தையும் அதில் அமைதியாக உறங்கியதால், களைத்துப்போன பெற்றோர் அதனை விரும்பி வாங்கினர். ஆனால் கழுத்துத் தசைகள் வலுப்பெறாத பச்சிளங் குழந்தை சாய்ந்த நிலையில் உறங்கும்போது தலை முன்னோக்கிச் சரிந்து மூச்சுக்குழாய் அடைபடக்கூடும். சற்று வளர்ந்த குழந்தை உருண்டு, முகம் பஞ்சணையில் புதைந்து மூச்சுத் திணறவும் கூடும். சத்தம் எதுவுமின்றி நிகழும் மரணம் அது. 2019 ஏப்ரலில் 'கன்சியூமர் றிப்போர்ட்ஸ்' இதழ் 30இற்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த சில நாட்களில், ஏப்ரல் 12ஆம் திகதி, ஏறத்தாழ 47 இலட்சம் தொட்டில்கள் மீளப்பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

செய்தி உலகெங்கும் பரவியது. அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2023 ஜனவரியில் ஆணைக்குழு அதே மீளப்பெறலை இரண்டாவது தடவையாக அறிவிக்க நேர்ந்தது. அதற்குள் பதிவான மரணங்களின் தொகை ஏறத்தாழ 100ஐ எட்டியிருந்தது. அவற்றுள் குறைந்தது எட்டுக் குழந்தைகள், முதலாவது அறிவித்தல் வெளியான பின்னர் இறந்தவர்கள். ஆபத்து என்று அரசும் நிறுவனமும் ஊடகங்களும் சொல்லி முடித்த பின்னரும், அச்சொல் சென்று சேராத வீடுகளில் அந்தக் குழந்தைகள் உறங்க வைக்கப்பட்டிருந்தார்கள்.

ஐகியா நிறுவனத்தின் இழுப்பறை அலுமாரிகளின் கதையும் இதுவே. சுவருடன் பிணைக்கப்படாத அலுமாரியின் இழுப்பறையைக் குழந்தை திறந்து அதில் ஏறும்போது, அலுமாரி முன்பக்கமாகக் கவிழ்ந்து நசுக்கிவிடுகிறது. 2016 ஜூனில் ஐக்கிய அமெரிக்காவில் 2 கோடியே 90 இலட்சம் அலுமாரிகளும், கனடாவில் 66 இலட்சம் அலுமாரிகளும் மீளப்பெறலுக்கு உட்படுத்தப்பட்டன. ஓராண்டு கழியுமுன்னர், 2017 மே மாதத்தில், கலிபோர்னியாவில் இரண்டு வயதுக் குழந்தையொன்று அதே 'மால்ம்' வகை அலுமாரியின் கீழ் சிக்கி உயிரிழந்தது. எட்டாவது குழந்தை அது. அவ்வலுமாரி 2008இல் வாங்கப்பட்டது. மீளப்பெறல் பற்றிய அறிவித்தல் தங்களுக்கு வரவேயில்லை என்பது பெற்றோர் தரப்பின் வாதம். 2020 ஜனவரியில் 4 கோடியே 60 இலட்சம் டொலர் இழப்பீட்டுடன் அவ்வழக்கு முடிவுக்கு வந்தது. பணத்தால் ஈடுசெய்யக்கூடிய இழப்பா அது?

அறிவித்தல்கள் ஏன் வீடுகளைச் சென்றடைவதில்லை? 2017இல் அமெரிக்க ஆணைக்குழு நடத்திய கருத்தரங்கொன்றில் முன்வைக்கப்பட்ட தரவுகள் இதற்கு ஓரளவு விடை தருகின்றன. மீளப்பெறப்பட்ட பொருட்களில் மொத்தமாக 65 விழுக்காடு திருத்தப்பட்டோ அகற்றப்பட்டோ இருந்தன. ஆனால் அவற்றிற் பெரும்பகுதி கடைகளிலும் களஞ்சியங்களிலும் இருந்தவை. நுகர்வோரின் வீடுகளுக்குப் போய்விட்டவற்றில் 6 விழுக்காடு மட்டுமே சரிசெய்யப்பட்டிருந்தன. அதாவது, நூறு வீடுகளில் ஏறத்தாழ தொண்ணூற்று நான்கில் அந்தப் பொருள் அப்படியே இருந்தது.

இதற்கு நேரெதிரான உதாரணமும் உண்டு. 2016இல் மின்கலம் தீப்பற்றியதால் சம்சுங் நிறுவனம் மீளப்பெற்ற 'கலக்சி நோட் 7' கைத்தொலைபேசிகளில் 96 விழுக்காடு சில மாதங்களிலேயே திரும்பி வந்தன. காரணம் எளிது. கைத்தொலைபேசி யாருடைய கையில் இருக்கிறது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அதற்கே நேரடியாகச் செய்தி அனுப்பலாம். மின்னேற்றம் செய்ய முடியாதபடி தொலைவிலிருந்தே தடுக்கவும் செய்யலாம். தொட்டிலுக்கு அந்த வசதி இல்லை. கடையை விட்டு வெளியேறிய கணத்திலிருந்து அது எங்கிருக்கிறது என்பதை அறிந்தவர் எவருமில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம், தொட்டில் போன்ற நீடித்துழைக்கும் குழந்தைப் பொருட்களுடன் தபாற் செலவு செலுத்தப்பட்ட பதிவு அட்டை ஒன்றை இணைக்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. அந்த அட்டையைப் பிரித்துப் பார்க்காமலே பெட்டியுடன் எறிந்துவிடும் வீடுகள் எத்தனை?

அட்டையை நிரப்பி அனுப்பினாலும் அது முதலில் வாங்கியவரின் முகவரியையே தாங்கிச் செல்கிறது. மீளப்பெறல் அறிவித்தல் முதலாவது உரிமையாளரைத் தேடிப் போகிறது. ஆபத்தோ கடைசி உரிமையாளரின் வீட்டில் இருக்கிறது. இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்புக் குறைவு. புலம்பெயர் தமிழ்ச் சமூகத்தில் இத்தூரம் மிக அதிகம் என்பதே இங்கு கவலைக்குரிய விடயம்.

ஒரு தொட்டில் மூன்று நான்கு குடும்பங்களைக் கடந்து வருகிறது. அதன் பெட்டியும் கையேடும் முதல் வீட்டிலேயே தொலைந்துவிடுகின்றன. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்ல, குழந்தையைப் பகலிற் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவோ அப்பம்மாவோ ஆவார். கனடாவின் அறிவித்தல்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளியாகின்றன. ஐந்து பிள்ளைகளை வளர்த்தெடுத்த அனுபவசாலியான அந்த மூதாட்டிக்கு, தன் பேரன் உறங்கும் தொட்டிலைப் பற்றி அரசாங்கம் வெளியிட்ட செய்தியை வாசிக்கும் வாய்ப்பு இல்லை. எவரும் அவருக்கு வாசித்துச் சொல்வதும் இல்லை.

எல்லை கடக்கும் பொருட்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஒரு நாட்டில் அனுமதிக்கப்படும் பொருள் மற்றொரு நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கலாம். குழந்தையை உள்ளே இருத்தி உருட்டவிடும் சக்கரம் பூட்டிய 'வோக்கர்', படிக்கட்டுகளில் உருண்டு தலையிற் காயம் ஏற்படுத்துவதால், கனடாவில் 2004 ஏப்ரல் முதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. அதனை இறக்குமதி செய்வதும் விற்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றமாகும். இதை அறியாமல், பேரப்பிள்ளைக்கென அன்போடு ஊரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ அதனைக் கொண்டுவருவோர் இருக்கக்கூடும். பயணப் பொதியில் வரும் கண்மையும் கட்டற்ற மஞ்சள் தூளும் அவ்வாறே. சில வகைக் கண்மைகளில் ஈயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டதால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவற்றை அழகுசாதனப் பொருளாக அனுமதிப்பதில்லை. நிறத்துக்காக ஈயக் கலவை சேர்க்கப்பட்ட மஞ்சள் தூளும் தெற்காசியாவில் கண்டறியப்பட்டுள்ளது. ஈயம் இருந்தமையால் 2016இல் அமெரிக்காவில் சில மஞ்சள் தூள் வகைகள் மீளப்பெறப்பட்டன. குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. கடையில் வாங்கிய பொருளுக்காவது அறிவித்தல் வெளிவரும். பயணப் பொதிக்குள் வந்ததை மீளப்பெறுவதற்கு உலகில் எந்த அமைப்பும் இல்லை.

எதிர்த்திசையிலும் இதே தவறு நிகழ வாய்ப்புண்டு. இங்கு பாவித்து முடிந்த குழந்தைப் பொருட்களைக் கப்பற் பொதியிலிட்டு ஊருக்கு அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அப்பொதிக்குள் மீளப்பெறப்பட்ட தொட்டிலோ இருக்கையோ இருக்குமாயின், அதற்கான எச்சரிக்கை கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ உள்ள ஒரு வீட்டை எப்படிச் சென்றடையும்? இங்கு ஆபத்தானது அங்கு ஆபத்தற்றதாகிவிடுமா?

கனடாவின் சட்டம் இவ்விடயத்தில் தெளிவாக உள்ளது. மீளப்பெறப்பட்ட பொருளை விற்பது மட்டுமன்றி, இலவசமாகக் கொடுப்பதும் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. கோயில் மண்டபத்தில் நடக்கும் பழைய பொருள் விற்பனைக்கும், வீட்டு வாசலில் 'எடுத்துச் செல்லலாம்' என எழுதி வைக்கப்படும் தொட்டிலுக்கும் இது பொருந்தும். நல்லெண்ணம் சட்டத்தின் முன் சமாதானமாகாது. குழந்தையின் மூச்சை அது காப்பாற்றுவதும் இல்லை.

இது பச்சிளங் குழந்தைகளின் பெற்றோருக்கு மட்டும் உரிய கவலையன்று. முதன்முதலாக மகிழுந்து வாங்கும் இளையோர் பெரும்பாலும் பழைய வண்டியையே வாங்குகின்றனர். டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகளில் உந்துபொருளாகப் பயன்பட்ட அமோனியம் நைத்திரேற்று, வெப்பத்தாலும் ஈரப்பதனாலும் ஆண்டுக்கணக்கிற் சிதைவுற்று, சிறு மோதலின்போதே உலோக உறையைச் சிதறடித்தது. 2009இல் ஒக்லஹோமாவில் அவ்வாறு 18 வயது இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம் காற்றுப்பை ஊதிகள் மீளப்பெறலுக்குள் வந்தன. வண்டி பழையதாக ஆக இவ்வாபத்து கூடுகிறது என்பதும், திருத்தப்படாத வண்டியைப் பழைய வண்டி முகவர் விற்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடுப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை. வண்டியின் 17 எழுத்து அடையாள இலக்கத்தை இணையத்திற் பதிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும், திருத்தம் இலவசம்.

இவ்வாறெல்லாம் கூறுவதால் பொறுப்பு முழுவதையும் பெற்றோரின் தலையிற் சுமத்துவதாகக் கொள்ளலாகாது. முதற் குற்றவாளி ஆபத்தை அறிந்தும் விற்றவரே. 'ரொக் அன்ட் பிளே' பத்தாண்டுகள் விற்கப்பட்டது. எச்சரிக்கைகள் புறக்கணிக்கப்பட்டன என 2021இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவொன்றின் அறிக்கை சாடியது. மீளப்பெறலின்போதும், அண்மைய ஆறு மாதங்களுக்குள் வாங்கியவர்களுக்கே முழுப்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஏனையோருக்கு அந்நிறுவனத்தின் பொருளையே வாங்குவதற்கான சீட்டுத்தான். பிரித்தானியாவில் வேர்ல்பூல் நிறுவனம், தீப்பற்றக்கூடிய துணி உலர்த்திகளைப் பற்றி 2015இல் அறிவித்தபோது, திருத்தும் வரை கண்காணிப்புடன் தொடர்ந்து பாவிக்கலாம் என்றே கூறியது. 2016 ஓகஸ்டில் மேற்கு இலண்டனில் தொடர்மாடியொன்று தீப்பற்றியதற்கு அத்தகைய உலர்த்தியே காரணமாக அமைந்தது. முழுமையான மீளப்பெறல் 2019இலேயே வந்தது. அமெரிக்கச் சட்டமோ, ஒரு நிறுவனத்தின் பெயரைச் சுட்டித் தகவல் வெளியிடுமுன் அந்நிறுவனத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என ஆணைக்குழுவின் வாயைக் கட்டுகிறது.

அரசு உறுதியாக நின்றால் எதைச் சாதிக்கலாம் என்பதற்கு அவுஸ்திரேலியா சான்று. டகாட்டா காற்றுப்பைகளை அந்நாடு 2018இற் கட்டாய மீளப்பெறலுக்கு உட்படுத்தி, உரிமையாளர்களை விடாது தேடிக் கண்டுபிடிக்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. 2020ஆம் ஆண்டின் முடிவில், ஏறத்தாழ 30 இலட்சம் வண்டிகளிலிருந்த 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட காற்றுப்பைகளில் 99.9 விழுக்காட்டுக்குக் கணக்குச் சொல்லப்பட்டது. 6 விழுக்காடு என்பது தலைவிதியன்று. முயற்சியின்மையின் அளவே அது.

ஆகவே ஆட்சியாளர்களிடமும் நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே, வீட்டுக்குள் செய்ய வேண்டியதையும் செய்தாக வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. அதற்குத் தேவையானவை சிலவே.

பொருள் ஒன்று கைமாறும்போது அதன் அடையாளமும் கைமாற வேண்டும். அடிப்பகுதியிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் சீட்டில் உற்பத்தியாளரின் பெயர், மாதிரி இலக்கம், உற்பத்தித் திகதி ஆகியவை இருக்கும். அச்சீட்டைப் படம் எடுத்து, பெறுபவருக்கு அனுப்ப வேண்டும். சீட்டு இல்லாத தொட்டிலையும், காலாவதித் திகதி கடந்த அல்லது விபத்தொன்றைச் சந்தித்த மகிழுந்துக் குழந்தை இருக்கையையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. கொடுப்பதற்கு முன் கொடுப்பவரும், பாவிப்பதற்கு முன் பெறுபவரும் அந்தந்த நாட்டு அரசின் மீளப்பெறல் இணையத்தளத்தில் அவ்விலக்கத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். பட்டியலில் இருப்பின் பாவனையை உடனே நிறுத்தி, நிறுவனத்திடம் இழப்பீடு கோர வேண்டும். எறிவதாயின், தெருவோரத்திலிருந்து இன்னொருவர் எடுத்துச் செல்லாதபடி உடைத்தே எறிய வேண்டும். முன்பு கொடுத்த ஒரு பொருள் பின்னர் பட்டியலில் வந்தால், கொடுத்தவர் தொலைபேசியை எடுத்துப் பெற்றவருக்குச் சொல்ல வேண்டும். அவர் இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால் அவருக்கும் அச்செய்தி போக வேண்டும்.

இப்பணி இளைய தலைமுறைக்கே மிகவும் பொருத்தமானது. வங்கிக் கடிதத்தையும் மருத்துவமனைப் படிவத்தையும் பத்து வயதிலிருந்தே பெற்றோருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், தம்பி தங்கையின் அறையிலும் சமையலறையிலும் உள்ள பொருட்களின் இலக்கங்களைக் குறித்துத் தேடிப் பார்ப்பது அவர்களுக்குக் கடினமானதன்று. அதைவிட முக்கியமானது, கண்டறிந்ததை அம்மம்மாவின் அருகில் அமர்ந்து, அவருக்கு விளங்கும் தமிழில், காரணத்துடன் எடுத்துச் சொல்வது. "இதில் படுக்க வைக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அது கட்டளை. தலை சரிந்தால் மூச்சு அடைபடும் என்று காட்டிச் சொன்னால் அது அறிவு. குழந்தையை மல்லாக்க, சமதளமான உறுதியான படுக்கையில் கிடத்த வேண்டும் என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்ட அம்மம்மாவைவிடச் சிறந்த காவலர் வேறெவரும் இல்லை.

தமிழ் வானொலிகளும் தொலைக்காட்சிகளும் வாரத்தில் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும், நன்கொடைப் பொருட்களை ஏற்கும் இடத்தில் ஒரு கணினியையும் ஓர் இளைஞரையும் அமர்த்தலாம். மரண அறிவித்தல் ஒன்று சில மணி நேரத்துக்குள் ரொறன்ரோவிலிருந்து ஒஸ்லோ வரை, மெல்பேண் வரை சென்று சேர்கின்ற சமூகம் இது. இறந்த செய்தியை அவ்வளவு விரைவாகக் கொண்டு செல்லும் அதே உறவு வலை, இறப்பைத் தடுக்கும் செய்தியையும் கொண்டு செல்லாதா?

பொருளைப் பகிர்ந்துகொள்வதில் இச்சமூகம் எவருக்கும் இளைத்ததன்று. பகிரும் தொட்டிலோடு அதன் இலக்கத்தையும், அதன் இலக்கத்தோடு அதன் எச்சரிக்கையையும் பகிரப் பழகுவதே இனி வேண்டியது. இன்றிரவு குழந்தையை உறங்க வைப்பதற்கு முன், தொட்டிலின் அடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு சீட்டை ஒவ்வொரு பெற்றோரும் ஒருமுறை குனிந்து பார்க்கட்டும்.